ஒரு கொதி

ஆத்தூர் வெற்றிலை வாங்குகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் காம்பு துவண்டுவிடும். வியாபாரி தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் புதுசு போலக் காட்டுவார். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் பதினான்கு வருடங்களாக மாதம் இரண்டு முறை ஆத்தூருக்குப் போய், கொடிக்காலிலிருந்து நேரே வந்திறங்கும் கட்டுகளைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அங்கே கடை வைத்திருக்கும் லிங்கராஜ் அண்ணாச்சி என்னைக் கண்டதும், "மூக்கு டீச்சர் வாராக" என்பார். ஒவ்வொரு கட்டையும் முகர்ந்து பார்ப்பதால் வந்த பெயர். நான் டீச்சர் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அதனால் வெற்றிலையிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஞானதீபம். வயது ஐம்பத்துமூன்று. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவுக்குப் பொறுப்பு. கப்பலேறப் போகும் இறால், கணவாய், நண்டு எல்லாம் முதலில் எங்கள் மேசைக்கு வரும். கிருமி இருக்கிறதா, இருந்தால் எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடம் எண்ணியிருக்கிறேன். எண்ணி எண்ணி ஒரு மனுஷிக்கு எவ்வளவு அலுப்பு வருமோ அவ்வளவும் எனக்கு வந்துவிட்டது.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். பவுல் அண்ணாச்சியை விட்டுவிடுங்கள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் ஊர் அசனத்துக்கு நாற்பது வருடமாகக் கறி ஆக்குகிறவர். கறியைக் கொதிக்கவிடாமல் பந்திக்கு இறக்கினார், அதனால்தான் எண்பத்தைந்து பேர் படுத்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள் என்று மூன்று நாளாக அவரை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். கொதிக்கவிடவில்லை என்பது உண்மை. வேண்டாம் என்று சொன்னது நான். அவர் என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். நான் ஏதோ சொல்லி, தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

இறந்த இரண்டு பேரில் ஒருவர் அய்யாக்குட்டித் தாத்தா. இன்னொருத்தி என் அக்கா ஷெர்லி.

உங்களுக்கு ஊர் மாப்பிள்ளையூரணி என்றீர்கள். அசனம் தெரியாமல் இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு வடக்கே இருந்து வந்தவர் போலிருக்கிறது, அசனமா என்று நிமிர்ந்து பார்த்தார். அவருக்காகச் சொல்கிறேன். நாசரேத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். வருடத்துக்கு ஒரு முறை, கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சின் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதுதான் அசனம். ஆடு நேர்ந்தவர்கள் ஆடு தருவார்கள், அரிசி தருகிறவர்கள் அரிசி. வேதக்காரரான கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என்ற கணக்கெல்லாம் அன்றைக்குக் கிடையாது. சபையின் போதகரான ஐயர் ஜெபம் பண்ணியபின் அது சாதாரணச் சோறு இல்லை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்கள் ஊரில் உண்டு. பந்தி உட்காரும் முன், வர முடியாதவர்களுக்கு முதலில் எடுத்துவைப்பார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வயசாளிகள். பந்தி முடிந்தபின் அது வீடு வீடாகப் போகும். முதல் வாளி என்று அதற்குப் பெயர். கிழக்குப் பக்கம் இருக்கும் அண்டாவிலிருந்துதான் முதல் வாளிக்கு மொண்டு கொடுப்பார்கள். ஏன் கிழக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான்.

கறியை விடியும் முன்னே ஆக்கி முடித்துவிடுவார்கள். ஆராதனை எட்டு மணிக்கு ஆரம்பித்தால், ஞானஸ்நானம், காணிக்கை என்று நீண்டு, ஒரு மணிக்கு முன்னால் பந்தி கிடையாது. அதுவரை கறி அண்டாவில் மூடியிருக்கும். பந்திக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பவுல் அண்ணாச்சி மறுபடியும் விறகைத் தள்ளி, தளதளவென்று ஒரு கொதி விட்டுத்தான் இறக்குவார். சூடாகப் பரிமாறத்தான் அப்படிச் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கொதிதான் நாற்பது வருடமாக ஊரைக் காப்பாற்றிவந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆட்டுக் குடலிலும் மண்ணிலும் இருக்கிற ஒரு கிருமி உண்டு. அதன் வித்து வேகவைத்தாலும் சாகாது. பெரிய பாத்திரத்தில் கறி மெல்ல ஆறும்போது, மூடிக்கடியில், கை பொறுக்கும் சூட்டில், அது முளைத்துப் பெருகும். வாசனை மாறாது. ருசி மாறாது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அசனக் கறியில் கொதிக்கும் முன் ஒரு குப்பி, கொதித்தபின் ஒரு குப்பி எடுத்துவந்து சோதித்தேன். முன் குப்பியைத் தட்டில் வளர்த்தபோது என்னால் எண்ண முடியவில்லை. பின் குப்பியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, நான் எந்த விஷத்தையும் எங்கும் சேர்க்கவில்லை. இதைத் தனியாகக் கோடிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று, அது மருந்து.

வெற்றிலையைக் காய்ச்சி வடித்தால் எண்ணெய் வரும். ஒரு கிலோ இலைக்கு ஒரு கரண்டி தேறாது. ஒரு வட்டத் தாளை அதில் நனைத்து, கிருமி வளரும் தட்டின் நடுவில் வைத்தால், மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு வளையம் தெளிவாக விழுந்திருக்கும். கிராம்பு எண்ணெய்க்கும் விழும், ஓம எண்ணெய்க்கும் விழும். ஆத்தூர் வெற்றிலைக்கு விழுந்த அளவு வேறு எதற்கும் விழுந்து நான் பார்த்ததில்லை. முதல்முதல் அந்த வளையத்தைப் பார்த்த அன்று, எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றி வீட்டில் யாரோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பினேன். தட்டில் சரி, உணவில் நடக்குமா என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயமான கேள்வி. இந்த எண்ணெய்கள் கொழுப்பைக் கண்டால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும், கிருமி தப்பித்துவிடும். ஆட்டுக்கறிக் குழம்பில் செய்து பார்த்து மறுபடியும் அனுப்பினேன். நூறு கிராம் குழம்பில் செய்தது பெரிய பாத்திரத்துக்குப் பொருந்துமா என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாவது இடத்தில் பதிலே வரவில்லை. பிறகு கொச்சியில் ஒரு கருத்தரங்கு. நான் பேசி முடித்ததும், ரம்யா என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, எழுந்து மரியாதையாகத்தான் கேட்டாள்: "மேடம், மனுஷங்க சாப்பிட்ட டேட்டா ஏதாவது இருக்கா?" இல்லை என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் ரயிலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் அந்தப் பெண்ணின் மேல் இல்லை. அவள் கேட்டது சரி என்பதுதான் கோபம்.

ஷெர்லி ஒருத்திதான் என் எண்ணெயை நம்பினாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை பார்த்து, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கினாள். சிறுநீரகம் இரண்டும் போய், பதினோரு வருடத்துக்கு முன் மாற்று வைத்தார்கள். கொடுத்தது நான். கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது. நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். "ஏளா, உன் கிட்னிக்கு ஞாயித்துக்கிழமையானா கோயிலுக்குப் போகப் பிடிக்க மாட்டேங்கு, ஒன்ன மாரியே" என்று என்னைக் கேலி பண்ணுவாள். மாற்று வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றால், அவளுக்கு அது உயிர். அதனால் வெளியில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். சனிக்கிழமை நான் ஊருக்குப் போனால், வெற்றிலைக் காம்பு கிள்ள எனக்கு ஒத்தாசையாக உட்காருவாள். நான் எழுதிய கட்டுரைகளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான். பாதி புரியவில்லை என்பாள். ஆனாலும் அக்கம்பக்கத்தில் போய், "எங்க ஞானம் வெத்தலையில மருந்து கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லிவைப்பாள்.

அசனக் கமிட்டியில் பேசுவது சிரமமாக இல்லை. கறிக்குக் கெடாத எண்ணெய், ஒரு அண்டாவில் மட்டும் ஊற்றிப் பார்ப்போம், ருசி பிடிக்காவிட்டால் மற்ற அண்டா இருக்கிறதே என்றேன். எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. பந்தியில் தள்ளுமுள்ளு இல்லாமல் இருக்கச் சீட்டுக் கொடுக்கலாம் என்றும் நான்தான் சொன்னேன். சிவப்புச் சீட்டுக்குக் கிழக்கு அண்டா, பச்சைச் சீட்டுக்கு மேற்கு அண்டா. வாசலில் வருகிறவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தோம். புருஷனுக்குச் சிவப்பு, பெண்டாட்டிக்குப் பச்சை. ஒழுங்காக நடந்ததாக ஐயர் மேடையிலேயே பாராட்டினார்.

எந்த அண்டாவில் எண்ணெய் என்பதை நான் முடிவு செய்யவில்லை. காசைச் சுண்டினேன். பூ விழுந்தால் கிழக்கு, தலை விழுந்தால் மேற்கு. தலை விழுந்தது. ஆராய்ச்சியில் அப்படித்தான் செய்ய வேண்டும், நம் விருப்பம் உள்ளே வரக் கூடாது. எட்டு மாதமாகச் சேர்த்த எண்ணெயை, விடிந்து ஆறு மணிக்கு, ஆறிக்கொண்டிருந்த மேற்கு அண்டாவில் ஊற்றிக் கலக்கினேன். கொழுப்புக்கும் சேர்த்துத் தாராளமாகவே ஊற்றினேன். கோயில் வளாகம் முழுக்க வெற்றிலை வாசம் அடித்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பவுல் அண்ணாச்சி விறகைத் தள்ள வந்தார்.

"அண்ணாச்சி, தீ வேண்டாம்" என்றேன். "இந்த எண்ணெய் கொதிச்சா ஆவியாப் போயிரும்."

"சரித்தா. அப்ப அந்த அண்டாவ விட்டுருதேன். கெழக்க இருக்கத மட்டும் ஒரு கொதி விட்டு எறக்குதேன்."

"அதுக்கும் வேண்டாம்."

அவர் கையில் விறகோடு நின்று என்னைப் பார்த்தார். "அதுல நீ ஒண்ணும் ஊத்தலியே ஞானம். அதுக்கு எதுக்குத் தீ வேண்டாங்க?"

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும் அண்ணாச்சி. ஒண்ணக் கொதிக்க வச்சு ஒண்ண வைக்காம இருந்தா, எதனால எதுன்னு சொல்ல முடியாது."

அவருக்குப் புரியவில்லை. புரியாதபோது அவர் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். கட்டினார். "எங்கய்யா காலத்துலருந்து ஒரு கொதி விட்டுத்தான் எறக்குதோம்" என்றார். பிறகு, "சரி, படிச்சவ சொல்லுத" என்று விறகை அடுப்புக்கு வெளியே போட்டுவிட்டுப் போனார்.

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன். எனக்குக் கிடைத்தது பச்சைச் சீட்டு. வெற்றிலை வாசத்தோடு கறி புதுமையாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள்; சிவப்புச் சீட்டுக்காரர்கள் எங்களுக்கு அது இல்லையா என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அசனத்தில் யாரும் குறைப்பட்டு நான் கேட்டது அன்றுதான்.

ஷெர்லியை நான் வரவேண்டாம் என்றேன். முந்தின நாளே சொல்லிவிட்டேன். அவள் எண்ணெய் ஊற்றுவதைப் பார்க்க வர வேண்டும் என்று சிறுபிள்ளை மாதிரி அடம்பிடித்தாள். கூட்டம், இருமல் தும்மல், உனக்கு ஆகாது என்றேன். கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். வராதவர்களுக்கு முதல் வாளி போகும், அவளுக்கும் வருடா வருடம் போகும் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் தொடுவதில்லை. அவள் வீட்டுக்காரர் கிருபாநிதி அத்தான்தான் சாப்பிடுவார். அதனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இந்த வருடம் அவளும் சாப்பிட்டாள் என்பது எனக்கு இரவில், அத்தான் போன் பண்ணியபோதுதான் தெரியும்.

இரவு பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். உப்பும் சர்க்கரையும் கலந்து எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன், நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ வரவழைத்தேன். போகிற இடமெல்லாம் எந்தச் சீட்டு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு பிடித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். தன்னைப் பற்றி யோசிக்காமல் ஊருக்காக ஓடுகிறாள் என்று ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கால் வலித்தது. மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. நான் சும்மா இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

நோட்டை நானே கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் முன்னால் இருப்பது அதுதான். தயவுசெய்து தண்ணீர் படாமல் வையுங்கள், டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வேறு பிரதி இல்லை. கடைசிப் பக்கத்தில் கூட்டியிருக்கிறேன். முதல் வாளியையும் சேர்த்துக் கிழக்கு அண்டாவில் சாப்பிட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், படுத்தவர்கள் எழுபத்துநான்கு. மேற்கு அண்டாவில் சாப்பிட்டவர்கள் இருநூற்று ஐந்து, படுத்தவர்கள் பதினொன்று. இப்படி ஒரு கணக்கு இதுவரை யார் கையிலும் கிடையாது. மேற்கில் நான் எண்ணெய் ஊற்றாமல் இருந்திருந்தால் அங்கேயும் எழுபது பேராவது படுத்திருப்பார்கள். அறுபது பேரை நான் காப்பாற்றியிருக்கிறேன் என்றுதான் இதை வாசிக்க வேண்டும். இரண்டு அண்டாவையும் கொதிக்கவிட்டிருந்தால் ஒருவருமே படுத்திருக்க மாட்டார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். வாஸ்தவம். அப்போது யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அய்யாக்குட்டித் தாத்தா பனையேறியாக இருந்தவர். எண்பத்திரண்டு வயது. இடுப்பு ஒடிந்து இரண்டு வருடமாகப் படுக்கை. அசனத்தன்று முதல் வாளி வரும் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். திங்கட்கிழமை சாயங்காலம் போய்விட்டார். நான் அவர் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். இரண்டாம் தரம் போனபோது நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக வருத்தப்படுகிறேன்.

திங்கட்கிழமை இரவு ஷெர்லியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் பக்கத்திலேயே இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கொஞ்சம் தெளிந்து, "யாருக்கும் சொல்லாத ஏளா" என்றாள். "ஒன் எண்ணெயில குத்தம்னு ஊர்ல சொல்லிருவாங்க. என் ஒடம்பு சரியில்ல, அதான்." அவளுக்கு உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன். புதன்கிழமை காலை நாலே முக்காலுக்கு இறந்தாள். அவளோடு என்னுடைய ஒன்றும் போயிற்று. நான் அழுதேன். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அடக்கத்திலிருந்து வந்து படுத்தவள்தான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பவுல் அண்ணாச்சியைப் பிடித்துப்போனார்கள் என்று யாரோ சொன்னபிறகுதான் எழுந்து குளித்தேன்.

இவ்வளவுதான் வாக்குமூலம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

நீங்கள் பேனாவைத் தராமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பேசி முடித்தபிறகும் புரட்டினீர்கள். முப்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்துவிட்டு நீங்கள் கேட்டதையும் ஏட்டு எழுதிக்கொள்ளட்டும்.

"அக்கா சாப்பிட்டது ராத்திரிதான் தெரியும்னு சொன்னீங்க. இதுல சாயங்காலம் நாலு பத்துன்னு போட்டிருக்கே?"

பின்னால் கேட்டு எழுதியது என்று சொல்லலாம். மற்ற வரிகளை அப்படித்தான் எழுதினேன். ஆனால் மற்ற வரிகள் திங்கட்கிழமை வாங்கிய நீலப் பேனாவில் இருக்கின்றன, இது கறுப்பில் இருக்கிறது. நீங்கள் அதையும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் களைப்பாக இருக்கிறது. திருத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் கோயில் வளாகத்தில் சீட்டுகளைப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஷெர்லி போன் பண்ணினாள். கோபமெல்லாம் போயிருந்தது, குரலில் சிரிப்பு இருந்தது.

"ஏளா ஞானம், வாளி வந்துருக்கு. ஒங்க அத்தான் அப்பவே ஒரு தட்டு தின்னுட்டாக. நான் மூக்குல வச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. மாத்திர தின்னு தின்னு எனக்கு மூக்கு செத்துப் போச்சுல்லா. இது ஒன் எண்ணெய் ஊத்துனதுதான?"

எண்ணிக்கொண்டிருந்த சிவப்புச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"பதினோரு வருசம் ஆச்சு, அசனக் கறி தின்னு" என்றாள். "ஒன் எண்ணெய் இருக்குன்னா ஒரு வாய் திங்கேன். இல்லன்னா வேண்டாம், அத்தானே திங்கட்டும்."

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனால் அவள் வாத்திச்சி. ஏன் இல்லை, அத்தான் தின்னுட்டாகளே, ஏன் உன் குரல் இப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கேட்டு வாங்கிவிடுவாள். அவள் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டால், அய்யாக்குட்டித் தாத்தா வீடு உட்பட, எல்லா வீட்டிலும் வாளியைக் கவிழ்த்திருப்பார்கள். சாப்பிட்டவர்களும் பயந்துபோய் மருந்தைக் குடித்திருப்பார்கள். எது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பதினான்கு வருடம். இப்படித்தான் அப்போது யோசித்தேன். அதற்குமேல் எதுவும் என் மனதில் இல்லை.

"ஊத்தியிருக்கு அக்கா, சாப்பிடு" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

நான் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை எடுத்து அந்த முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்று தலைப்புப் போட்டு, கிழக்கு அண்டாவுக்கு ஒரு வரி விட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே நான் கோடு இழுத்து வைத்திருந்த பக்கம் அது. அந்த வரி அதுவரை காலியாக இருந்தது.